மேட்டில் திணறும் வண்டி: பழைய டீசல் பிக்கப்பின் இழுவைக் குறைவும் நடுவழியில் நிற்பதும்

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் புகார்களைச் சலித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டுதான் மிஞ்சும். "இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்பது ஒன்று. "ஓடிக்கிட்டிருக்கும்போதே ஆஃப் ஆயிடுது" என்பது இன்னொன்று. முதல் புகாரோடு வந்த வண்டி சில வாரம் கழித்து இரண்டாவது புகாரோடும் வந்தால், இரண்டும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். இழுவையில் குறையே இல்லாத வண்டி சுங்கச்சாவடி வரிசையில் சட்டென்று அணைந்தால் அது வேறு நோய். எது எது என்று ஓட்டுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், வந்த கையோடு டீசல் பம்பைக் கழற்றி மேசைமேல் வைக்கிற பழக்கத்தால் வீணாகிற பணம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய டீசல் வண்டியில் இழுவைக் குறைவுக்கான காரணம் பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே, விலை மலிவான ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது. செலவு மட்டும் பம்பிலும் நாசிலிலும் போய் விழுகிறது. இது ஏன் இப்படி நடக்கிறது, எப்படித் தவிர்க்கலாம் என்பதுதான் கேள்வி.

நம் சாலைகளில் ஓடும் பழைய பிக்கப்புகளை இரண்டு தலைமுறையாகப் பிரிக்கலாம். டாடா 207, மகேந்திராவின் பழைய பிக்கப்புகள் போன்றவற்றில் எந்திர முறையில் இயங்கும் டீசல் பம்ப் இருக்கும். பாஷ் நிறுவனம் 1927-இல் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கிய பம்பின் வாரிசு அது. இந்தியாவில் 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் அவற்றைப் பெங்களூரில் செய்தது. 2008-இல் அந்த நிறுவனம் பாஷ் என்றே பெயர் மாற்றிக்கொண்டாலும் பட்டறைகளில் இன்றைக்கும் அது 'மைக்கோ பம்ப்'தான். இரண்டாம் தலைமுறை காமன் ரயில். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு பயணிகள் வாகனங்களுக்கு வந்த இந்த முறை, பிஎஸ்-4 விதி நாடு முழுவதும் கட்டாயமான 2017-க்குள் நம் சிறு டிரக்குகள் பலவற்றிலும் ஏறிவிட்டது. 2011-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த் இந்த வகையே. இரண்டு தலைமுறைக்கும் நோய்கள் ஏறக்குறைய ஒன்று. கண்டுபிடிக்கும் வழிதான் மாறுகிறது, சில இடங்களில் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கழற்றுவதற்கு முன்னால் புகையைப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக நெருக்கினால் அது கொதிக்கிற சூடாகும், அந்தச் சூட்டில் தெளித்த டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டியில் இருப்பதுபோல உள்ளே போகும் காற்றுக்குக் கதவு இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுவது டீசலின் அளவு மட்டும். ஆகவே இழுவை இல்லாத வண்டி கருப்புப் புகை தள்ளினால், டீசல் வந்திருக்கிறது, எரிக்கக் காற்று போதவில்லை என்று பொருள்: ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ், அடைத்த சைலன்சர் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். சுமையோடு மேடு ஏறும்போது இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் எஞ்சினுக்குப் பசி. டீசல் வந்து சேரவில்லை. வெள்ளைப் புகை எரியாத டீசலாக இருக்கலாம், சிலிண்டருக்குள் கசியும் தண்ணீராகவும் இருக்கலாம். மூக்கைக் கொண்டுபோனால் டீசல் வாடை வித்தியாசம் காட்டிவிடும். நீலப் புகை ஆயில் எரிகிற புகை. எந்தக் கருவியும் இல்லாமல், பின்னால் வருகிற பைக்காரனைக் கேட்டே தெரிந்துகொள்ளக்கூடிய சேதி இது. ஆனாலும் "புகை எப்படி?" என்று கேட்கிற மெக்கானிக் குறைந்துகொண்டே வருகிறார்.

புகையைப் பார்க்கும்போது மலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுத்து ஊட்டியில் திணறினால் அதில் நோய் எதுவும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அந்த அளவுக்கு இழுவையும் போகும், மிச்சமான டீசல் கரும்புகையாக வரும். இறங்கி வந்தால் சரியாகிவிடுகிற இந்தக் குறைக்காக நாசில் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிற சுமையைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் வண்டி மூச்சு வாங்குகிறது என்றால் அதற்கு மருந்து பட்டறையில் இல்லை.

எஞ்சினே சம்பந்தப்படாத இழுவைக் குறைவும் உண்டு. மேட்டில் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. சமதரையில் நியூட்ரலில் விட்டால் வண்டி உருளாமல் சட்டென்று நிற்கிறதா, ஒரு சக்கரத்தின் டிரம் மட்டும் கையே வைக்க முடியாதபடி கொதிக்கிறதா? அப்படியானால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று இன்னும் எளிது. ஒருவரை உட்காரவைத்து ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பானெட்டைத் திறந்து பம்பில் இருக்கும் லீவரைப் பாருங்கள். அது கடைசி ஸ்க்ரூவைப் போய்த் தொட வேண்டும். கேபிள் நீண்டு, அல்லது காலடி மேட் இடித்து, லீவர் முக்கால் தூரத்திலேயே நின்றால் எஞ்சினும் முக்கால் பலத்தோடுதான் ஓடும். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. புகைச் சான்று வாங்குவதற்காகப் பம்பின் டீசல் ஸ்க்ரூவைக் குறைத்துவிட்டு, வாங்கிய பிறகு அதை மறந்துபோன வண்டிகளும் இந்தக் கணக்கில் சேரும். "எஃப்.சி. காட்டிட்டு வந்ததிலேர்ந்து இழுக்கல" என்று ஓட்டுநர் சொன்னால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இனி டீசல் வரும் வழி. டேங்க் சேஸியில் தாழ்வாக இருக்கிறது, பம்ப் எஞ்சினில் மேலே இருக்கிறது. நடுவில் ஒரு குழாய், ஒரு ஃபீட் பம்ப், ஒரு ஃபில்டர். சில வண்டிகளில் தனி ஃபீட் பம்பே கிடையாது. டீசல் பம்புக்குள் இருக்கும் சிறு விசிறிதான் டேங்க் வரை போய் உறிஞ்ச வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்று: டேங்கிலிருந்து உறிஞ்சும் பம்ப் வரை உள்ள குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே அங்கே எங்காவது ஓட்டை விழுந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கீழே படுத்துப் பார்த்து, ஈரம் இல்லை, லீக் இல்லை என்று எழுந்து வருகிற மெக்கானிக்கை ஏமாற்றுவது இதுதான். ஈரம் தெரியாத லீக்தான் இந்தப் பக்கத்தில் கெடுதல் செய்கிறது. இரவில் முகப்பு மேடாக நிறுத்திய வண்டி காலையில் செல்ஃப் அடித்து அடித்தே ஸ்டார்ட் ஆகிறது, முகப்பு பள்ளமாக நிறுத்தினால் உடனே எடுக்கிறது என்றால் இந்த லீக்கைச் சந்தேகிக்கலாம். இரவெல்லாம் அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயிலிருந்த டீசல் டேங்குக்கே இறங்கியிருக்கும்.

இதை உறுதிப்படுத்துவதற்குக் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி டியூப் ஒரு முழம் போதும். ஃபில்டருக்கும் டீசல் பம்புக்கும் இடையிலுள்ள ஓஸைக் கழற்றி அந்த இடத்தில் இந்த டியூபை மாட்டி, கிளிப் இறுக்கி, காற்றெடுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் ஒரு நிமிடம் குமிழ் வரும், அது கழற்றி மாட்டியதால் புகுந்த காற்று. அதன்பிறகும் மணி மணியாகக் குமிழ் ஓடிக்கொண்டே இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருப்பது நிச்சயம். ரேஸ் கொடுக்கும்போது குமிழ் பெருகுகிறதா என்றும் பார்க்கலாம். பிறகு ஃபில்டருக்கு முன்னால், அப்புறம் ஃபீட் பம்புக்கு முன்னால் என்று டியூபை டேங்க் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், எந்த இடத்தில் குமிழ் நிற்கிறதோ அதற்கும் கடைசியாகக் குமிழ் தெரிந்த இடத்துக்கும் நடுவில் குற்றவாளி இருக்கிறான். பெரும்பாலும் அது பழைய செம்பு வாஷராக, வெடித்த ரப்பர் ஓஸாக, ஃபில்டர் மாற்றும்போது ஒழுங்காக உட்காராத வாஷராக இருக்கும். விலை ஒரு டீ, வடைக்கு மேல் போகாது.

டேங்குக்குள்ளும் வேடிக்கைகள் உண்டு. டீசல் உறிஞ்சும் குழாய் மேலிருந்து அடிவரை இறங்கியிருக்கும். துரு அரித்து அதில் பாதி உயரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால், டேங்க் நிறைந்திருக்கும்வரை வண்டி ராஜாவாக ஓடும். டீசல் மட்டம் அந்த ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் காற்றைக் குடிக்கத் தொடங்கும். "பாதி டேங்குக்குக் கீழ போனா இழுக்கல" என்பது ஓட்டுநரின் கற்பனை என்று சிரித்துவிடுகிறார்கள். அதைவிடத் துல்லியமான துப்பு கிடைக்காது. குழாயின் அடியிலிருக்கும் சல்லடையில் துருவும் சேறும் படிந்து அடைப்பதும் சகஜம். சிறிது தூரம் நன்றாக ஓடி, மெல்ல மெல்லச் சோர்ந்து நின்று, கால் மணி நேரம் ஓரம்கட்டினால் மீண்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும் வண்டியில் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று இந்தச் சல்லடை: உறிஞ்சலில் ஒட்டிக்கொண்ட குப்பை எஞ்சின் நின்றதும் உதிர்ந்துவிடும். மற்றொன்று டேங்க் மூடி. எடுத்த டீசலுக்கு ஈடாகக் காற்று உள்ளே வர மூடியில் அல்லது தனிக் குழாயில் ஒரு சிறு வழி உண்டு. அது அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் சேர்ந்து, பம்போடு இழுபறி நடத்தும். வண்டி நின்ற உடனே மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கும். மூடியைத் தளர்த்திவைத்து ஒரு நடை ஓட்டிப் பார்த்தால் தீர்ந்தது.

அடைப்பைப் பட்டறையில் நிறுத்திவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. சும்மா நிற்கும் எஞ்சினுக்கு வேண்டிய டீசல் மிகக் கொஞ்சம். முழுச் சுமையோடு மேடு ஏறும்போது அதைப்போலப் பல மடங்கு வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர் முதல் தேவைக்கு ஈடுகொடுக்கும், இரண்டாவதற்குக் கைவிரிக்கும். அதனால்தான் ஷெட்டில் ரேஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று அனுப்பிய வண்டி முதல் மேட்டிலேயே திரும்பி வருகிறது. சுமை ஏற்றி, மெக்கானிக்கே பக்கத்தில் உட்கார்ந்து, மேடு ஏறிப் பார்க்காத சோதனை சோதனையே இல்லை.

இதற்கெல்லாம் மேலான ஒரு சோதனை உண்டு. பழைய மெக்கானிக்குகள் கேன் கட்டி ஓட்டுவது என்பார்கள். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பம்பைவிட உயரமான இடத்தில், கேபினுக்கு வெளியே அசையாமல் கட்டி, அதிலிருந்து புது ஓஸ் வழியாகப் புது ஃபில்டருக்கு டீசல் கொடுத்து, திரும்பி வரும் டீசலையும் அதே கேனுக்கு விட்டு ஓட்டிப் பார்ப்பது. சூடான பாகங்களுக்கு அருகே கேனும் ஓஸும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு உயிர் வந்துவிட்டால் நோய் டேங்க் பக்கம்தான், பம்பில் கை வைக்கவே வேண்டாம். உயிர் வரவில்லையா, நோய் டேங்க் பக்கம் இல்லை; பம்பையும் அதற்கு அப்பால் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும். ஒரே சோதனையில் எஞ்சினின் டீசல் வழி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இவ்வளவு எளிய முறை ஏன் வழக்கொழிந்து வருகிறது என்பதற்கான விடை பட்டறைப் பொருளாதாரத்தில் இருக்கிறது.

மலிவான உறுப்பின் நோய் விலையுயர்ந்த உறுப்பைக் கொல்வதற்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப். 1998-இன் நடுவிலிருந்து 2002 வரை அதில் வந்த 24 வால்வ் கம்மின்ஸ் எஞ்சினுக்கு விபி44 என்ற மின்னணு டீசல் பம்ப். அந்தப் பம்பைக் குளிர்விப்பதும் வழுவழுப்பாக்குவதும் அதன் வழியே ஓடும் டீசலேதான். அதற்கு டீசல் தள்ளிக்கொடுக்க எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சிறு மின்பம்ப் வைத்திருந்தார்கள். அது மெல்ல மெல்லப் பலவீனமாவது ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒருநாள் பெரிய பம்ப் செத்துப்போகும். புதுசு மாட்டுவார்கள், சிறு பம்பை அப்படியே விட்டுவிடுவார்கள், இரண்டாவது பெரிய பம்பும் சாகும். அந்த வண்டிக்காரர்கள் கடைசியில் டாஷ்போர்டில் டீசல் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றைத் தாங்களாகவே பொருத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். நம் பட்டறைகளில் அந்த மீட்டரைக் காண்பது அரிது.

இழுவைக் குறைவிலிருந்து நின்றுபோவதற்கு வருவோம். எப்படி நின்றது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சின் இருமி, குலுங்கி, தயங்கித் தயங்கி நின்றால் டீசல் போதவில்லை அல்லது காற்று பிடித்திருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே வெட்டாக நின்றால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். எந்திர பம்ப் வண்டியில் மின்சாரத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சுழல் வகைப் பம்புகளில் ஒரு ஸ்டாப் சோலனாய்டு உண்டு; சாவி போட்டிருக்கும்வரை 12 வோல்ட் வந்து டீசல் வழியைத் திறந்துவைத்திருக்கும். அதன் வயர் கூட்டில் துரு ஏறி, குழியில் சக்கரம் இறங்கும்போது ஒரு நொடி விட்டுப்போனாலும் எஞ்சின் அணையும். சாவியைப் போட்டு எடுத்தால் பம்பில் 'டிக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் கொடுத்துச் சோதிக்கலாம். ஆனால் அந்த நேர் வயரையே நிரந்தரமாக்கிவிட்டு அனுப்புவதை மன்னிக்கக் கூடாது. சாவியை எடுத்தாலும் அணையாத வண்டி விபத்தில் ஆளைக் கொல்லும்.

சூட்டில் மட்டும் நிற்கும் வண்டிகள் தனி ரகம். காலையில் ஒரே அடியில் எடுக்கும்; மதியம் லோடு இறக்கிவிட்டு வந்து செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், எடுக்காது. சுழல் பம்பின் தலைப்பகுதியில் இரும்போடு இரும்பு உரசும் இடைவெளி சில மைக்ரான்தான். அது தேய்ந்திருந்தால், கெட்டியான குளிர்ந்த டீசலைப் பிடித்துவைக்க முடியும், நீர்த்துப்போன சூடான டீசல் இடுக்கில் ஓடிவிடும். அழுத்தம் ஏறாது. எஞ்சின் நின்றிருக்கும்போது பம்பின் தலையில் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவைத்து, உடனே ஸ்டார்ட் ஆகிறதென்றால் பம்ப் கடைக்குப் போக வேண்டியதுதான். ஓடும் எஞ்சினில் இதைச் செய்யக் கூடாது. வெளிப்பகுதி சட்டென்று சுருங்கி உள்ளே இறுகிக்கொள்ளலாம். பம்ப் உண்மையாகவே குற்றவாளியாக இருக்கிற இடம் இது, அதையும் சொல்லியாக வேண்டும்.

மின்னணு உறுப்பும் சூடும் சேர்ந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், ஏனென்றால் ஆறியதும் அது குணமாகிவிடும். பெட்ரோல் பிக்கப்பானாலும் ஃபோர்டின் கதை இங்கே பொருந்தும். 1983 முதல் 1995 வரை கார்களிலும் பிக்கப்புகளிலும் டிஎஃப்ஐ என்ற பற்றவைப்பு மாட்யூலைச் சூடேறும் டிஸ்ட்ரிபியூட்டரின்மேலேயே ஒட்டி வைத்தது அந்த நிறுவனம். சூட்டில் அது செயலிழந்து வண்டி ஓட்டத்திலேயே அணைந்தது. இழுத்துக்கொண்டு பட்டறை சேர்வதற்குள் ஆறிவிடும், எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். வழக்கு பல ஆண்டு நடந்து, 2000-இல் கலிபோர்னியா நீதிமன்றம் ஒன்று வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லும் அளவுக்குப் போய், 2001-இல் சமரசமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1994-லிருந்து தன் 6.5 லிட்டர் டீசல் பிக்கப்புகளில் பம்பை இயக்கும் மின்னணுப் பெட்டியைப் பம்பின்மேலேயே, எஞ்சினின் நடுப்பள்ளத்தில் பொருத்தியது. அங்கும் அதே கதை. அதைக் கழற்றிக் காற்றுப் படும் முகப்புக்குக் கொண்டுபோய் வைப்பதே வண்டிக்காரர்கள் கண்ட வைத்தியம். ஃபோர்டின் 7.3 லிட்டர் டீசலில் கேம் சென்சார் காரணமாக வண்டிகள் ஓட்டத்தில் நின்றன. 2007-இல் அவற்றைத் திரும்ப அழைத்துச் சென்சார் மாற்றினார்கள். நம் காமன் ரயில் வண்டிகளில் கிராங்க் சென்சார் இதே குணம் காட்டும்: சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் எஞ்சின் சுற்று வேகம் பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்ப்பதில் பிரயோஜனமில்லை.

டீசலும் மாறிவிட்டது என்பதைப் பழைய வண்டிக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பிஎஸ்-3 காலத்தில் பத்து லட்சத்தில் 350 பங்கு இருந்த கந்தகம், பிஎஸ்-4-இல் 50 ஆகி, 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6-இல் 10-க்கு இறங்கியது. கந்தகத்தை நீக்கும் அதே சுத்திகரிப்பு டீசலின் இயல்பான வழுவழுப்பையும் கொண்டுபோகிறது. அதற்காக எண்ணெய் நிறுவனங்கள் தனிச் சேர்மானம் கலக்கின்றன. அமெரிக்காவில் 1993 அக்டோபரில் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது, பழைய வண்டிகள் பலவற்றில் பம்பின் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசியத் தொடங்கின. பழைய டீசலில் ஊதிப்போய் உட்கார்ந்திருந்த ரப்பர், புது டீசலில் தன் பழைய அளவுக்குச் சுருங்கியது. ஆகவே இருபது வயது வண்டியில் அழுத்தப் பக்கம் கசிவும் உறிஞ்சும் பக்கம் காற்றும் திடீரென்று தலைகாட்டினால், இந்த வளையங்களையும் சந்தேகிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஃபில்டரின் அடியிலிருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். அந்த எல்லைக்கோட்டில் கறுப்பாய்ச் சளிபோல ஏதேனும் மிதந்தால் டேங்கில் நுண்ணுயிர் குடியேறியிருக்கிறது, டேங்கை இறக்கிக் கழுவாமல் விடாது.

காற்றுப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரு சிறு நடை ஓட்டிப் பார்ப்பது தூசி ரோட்டில் ஆகாது. புதுசு போட்டே பார்க்க வேண்டும். டர்போ வண்டியில் ஓஸ் வெடிப்பு வெளியே தெரியாமல் மடிப்புக்குள் இருக்கும். சுமையேறும்போது 'உஸ்' சத்தமும், வெடிப்பைச் சுற்றி ஆயில் ஈரமும் காட்டிக்கொடுக்கும். ஈஜிஆர் வால்வ் கரிபிடித்துத் திறந்தபடியே மாட்டிக்கொண்டால் எரிந்த புகையையே எஞ்சின் மறுபடி குடிக்கும், கரும்புகை தள்ளும். எலி கூடு கட்டிய காற்றுக்குழாயைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட பட்டறைகளில் கேள்விப்படலாம்.

காமன் ரயிலுக்கு வந்தால் ஸ்கேனர் கையில் இருக்கிறது என்ற தைரியம் வந்துவிடுகிறது. ரயில் அழுத்தம் குறைவு என்று பி0087 கோடு காட்டும். உண்மைதான், அழுத்தம் குறைவு. ஏன் குறைவு என்று அது சொல்லவில்லை. அடைத்த ஃபில்டர், உறிஞ்சும் பக்கத்துக் காற்று, அளவுபார்க்கும் வால்வ், தேய்ந்த இன்ஜெக்டர், பொய் சொல்லும் சென்சார், கடைசியில் உயர் அழுத்தப் பம்ப்: இத்தனையும் அதே ஒரு கோடைத்தான் தரும். கோடு வந்ததும் பம்ப் மாற்றுவது, காய்ச்சல் என்றதும் வயிற்றைக் கிழிப்பது மாதிரி. இன்ஜெக்டர்களைத் தனித்தனியாகப் பார்க்க எளிய வழி, ஒவ்வொன்றின் திரும்பு குழாயையும் ஒரே அளவான சிறு பாட்டிலில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுவது. மற்ற மூன்றும் விரற்கடை அளவு நிரம்பியிருக்க, ஒன்று மட்டும் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் ரயிலின் அழுத்தத்தை வீணடிப்பவன் அவன். நான்கையும் மாற்ற வேண்டியதில்லை.

முன்னே சொன்ன ஆபத்து இங்கேதான். பழைய எந்திர பம்ப் வண்டியில் எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அங்கே நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 120 முதல் 250 பார். காமன் ரயிலில் அது 1,600 பார் வரை போகும். ஓடும்போது அந்த நட்டைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சல் கையுறையையும் தோலையும் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரிடும். பழைய தலைமுறை மெக்கானிக்கின் கைப்பழக்கம் புதிய தலைமுறை வண்டியில் அவரையே காயப்படுத்துகிறது.

கைப்பழக்கம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். சுழல் பம்பில் டீசல் உள்ளே வரும் போல்ட்டும் திரும்பிப் போகும் போல்ட்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். திரும்பு போல்ட்டின் தலையில் 'அவுட்' என்று பொறித்து, உள்ளே மிகச் சிறு துளை வைத்திருப்பார்கள். பம்புக்குள் அழுத்தம் நிற்பது அந்தத் துளையால்தான். பம்ப் வேலை பார்த்து முடித்து, அவசரத்தில் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால், புதிதாய்ச் சரிசெய்து வந்த பம்போடு வண்டி முன்னைவிட மோசமாக ஓடும். பம்ப் கடைக்காரரும் எஞ்சின் மெக்கானிக்கும் ஒருவரை ஒருவர் குறைசொல்லிக்கொண்டிருக்க, வண்டிக்காரர் லோடு போய்விட்டதே என்று தலையில் கைவைத்துக்கொண்டிருப்பார்.

பட்டறைப் பொருளாதாரம் என்றேனே, அது இதுதான். பம்ப் சர்வீஸுக்கு, நாசிலுக்கு, இன்ஜெக்டருக்கு என்று ரசீது போட முடியும். கண்ணாடி டியூப் மாட்டி அரை நாள் குமிழ் எண்ணியதற்கு ரசீது கிடையாது. "ஒரு வாஷர்தானே போட்டே, அதுக்கா எண்ணூறு ரூபாய்?" என்று கேட்பவர், அதே வாயால் பம்ப் வேலைக்குப் பல ஆயிரம் எடுத்துக் கொடுக்கிறார். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில், கண்டுபிடிக்காமல் மாற்றுவதே மெக்கானிக்குக்கு லாபம். அவரை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை. வேலையை ஒப்படைக்கும்போதே "என்னன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே, பார்த்ததுக்குக் கூலி தனியா வாங்கிக்கங்க" என்று சொல்கிற வண்டிக்காரர்களுக்குக் கழற்றிய வாஷரைக் கையில் காட்டிவிட்டு வேலையை முடித்துக்கொடுக்கும் மெக்கானிக்குகள் இன்னும் கிடைக்கிறார்கள். சூடா குளிரா, மேடா சமதரையா, எவ்வளவு டீசல் இருக்கும்போது, எந்த பங்கில் நிரப்பிய பிறகு, புகை என்ன நிறம், நின்றது வெட்டாகவா இருமியா என்று ஓட்டுநர் எழுதிவைத்துக் கொடுத்தால் பாதி வேலை அங்கேயே முடிகிறது.

இவ்வளவும் பார்த்து எதுவும் சிக்காவிட்டால் எஞ்சினின் உடம்புதான் தளர்ந்திருக்கிறது. ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருவது, காலையில் எடுக்க அடம்பிடிப்பது, ஆயில் குடிப்பது மூன்றும் சேர்ந்து இருந்தால் கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் குறைந்திருந்தால் வால்வாகவோ ஹெட் கேஸ்கெட்டாகவோ இருக்கலாம், மீட்கலாம். நான்கும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் என்று முழு வேலை. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். எஞ்சின் வேலைக்குக் கேட்கிற தொகையோடு அடுத்த எஃப்.சி.க்கான பாடி வேலை, டயர், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் பிஸ்டன் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.